சாண்டோவும் ஐந்து இராத்தல் இரும்பும்

சாண்டோ என்னும் சொல்லைக் கேளாத தமிழர் மிகச் சிலரே. திரைப்படத் தயாரிப்பாளராய் விளங்கிய சின்னப்பா தேவர் (1915–1978) பெயருக்கு முன்னே அது ஒரு பட்டம்போல் நின்றது. வங்காளத்திலோ கையில்லாத உள்சட்டைக்கே சாண்டோ என்னும் பெயர் வழங்குகின்றது. இவ்வாறு ஓரிடத்திற் பலவானையும் மற்றோரிடத்தில் பனியனையும் குறிக்க வந்த இச்சொல் ஒரு மனிதரின் பெயர் என்பதும், அதுவும் பெற்றோர் இட்டதன்று, அவர் தாமே புனைந்துகொண்டது என்பதும் பலர் அறியாதவை.

அவர் வரலாற்றை இம்மலரில் எழுத யாம் துணிந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. கல்வியாண்டு தொடங்கும் ஆனித் திங்களில் மாணவர் விடுதியில் உடற்பயிற்சி வேட்கை ஒரு காய்ச்சலைப்போற் பரவும். விடியற்காலை ஐந்து மணிக்கே தண்டாலும் பஸ்கியும் ஆரவாரமாய் நடைபெறும். கர்லாக்கட்டைக்கு முறை வைத்துக் காத்திருப்பர். ஆடிக் காற்று அடங்குமுன் அக்கூட்டம் பாதியாகும். ஆவணியில் மூவரோ நால்வரோ எஞ்சுவர். காலாண்டுத் தேர்வு வந்ததும் கட்டைகள் மூலையிற் சாய்ந்து பல்லிகளுக்கு வீடாகும். யாமும் இருமுறை அக்கூட்டத்திற் சேர்ந்து, இருமுறையும் ஆவணிக்கு முன்னே நீங்கினவரே. முதன்முறை எம் புயத்தை ஒரு நூலால் அளந்து முடிச்சிட்டு வைத்தோம். மூன்று வாரங் கழித்து அளந்தபோது முடிச்சு இருந்த இடத்திலேயே இருந்தது. அன்றே மனம் தளர்ந்துவிட்டது. ஆதலின் சாண்டோவின் வரலாற்றைப் படிக்கப் புகுந்தபோது, அவர் எத்துணைப் பளுவைத் தூக்கினார் என்பதைக் காட்டிலும், முடிச்சு நகராத நாட்களில் அவர் என் செய்தார் என்பதையே தேடிப் படித்தோம்.

சாண்டோ 1867-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் புருஷிய நாட்டுக் கோனிக்ஸ்பெர்க் நகரிற் பிறந்தார். தத்துவ ஞானி கான்ட் வாழ்ந்து மறைந்த அந்நகர் இன்று ருஷியாவைச் சேர்ந்து காலினின்கிராட் என வழங்குகின்றது. பெற்றோர் அவர்க்கு இட்ட பெயர் பிரீடரிக் வில்ஹெல்ம் முல்லர் என்பது. யூஜின் சாண்டோ என்னும் பெயர் மேடைக்காகப் பின்னர் வந்தது.

தம் இளமையைப்பற்றிச் சாண்டோ எழுதிவைத்த கதை அழகியது. தாம் மெலிந்த பிள்ளையாய் இருந்ததாகவும், தந்தையாருடன் இத்தாலிக்குச் சென்றபோது பழங்காலக் கற்சிலைகளின் தோளையும் மார்பையும் கண்டு வியந்ததாகவும், இத்தகைய மக்கள் மெய்யாகவே உலகில் இருந்தனரோ எனத் தந்தையாரை வினவியதாகவும், அன்று தொட்டு அச்சிலைகளைப்போல் ஆகவேண்டும் என்னும் உறுதி தமக்குப் பிறந்ததாகவும் அவர் கூறுவர். அவர் வாழ்க்கையை ஆராய்ந்தோர் இக்கதையை முற்றும் நம்புவதில்லை. பிறர்க்குப் பயிற்சி முறையை விற்கப் புகுந்த ஒருவர்க்கு மெலிந்த இளமை ஒன்று தேவையாயிருந்தது என எண்ணுதற்கும் இடமுண்டு. ஆயினும் சிலைகளின்பால் அவர்க்கிருந்த காதல் பொய்யன்று. பிற்காலத்தில் மேனி முழுதும் வெண்பொடி பூசிக்கொண்டு, சலவைக்கல்லிற் செதுக்கிய உருவம்போல் மேடைமீது அசையாது நிற்பது அவர் வழக்கமாயிற்று.

கட்டாயப் படைச்சேவையினின்று தப்பும் பொருட்டு 1885-இல், பதினெட்டு வயதில், அவர் தாய்நாட்டை விட்டு நீங்கினார். பின்னர் ஐரோப்பிய நகரங்களில் அலைந்து, வட்டக்காட்சிக் குழுக்களில் வேடிக்கை காட்டியும், ஓவியர்க்கும் சிற்பியர்க்கும் உருவ மாதிரியாய் நின்றும் வயிறு வளர்த்தார். வேலையற்றிருந்த ஒரு காலத்தில் ஆம்ஸ்டர்டாம் நகரத் தெருக்களில் வைத்திருந்த வலிமை அளக்கும் எந்திரங்களை இரவில் ஒவ்வொன்றாய் இழுத்து முறித்தாராம். எந்திரங்களைக் கள்வர் கூட்டம் உடைப்பதாக ஊரார் எண்ணினர் என்று அவரே எழுதியுள்ளார். தம் பெருமையை எங்ஙனம் பரப்புவது என்பதை அவர் இளமையிலேயே அறிந்திருந்தார் என்பது மட்டும் இதனால் விளங்கும்.

அவர் வாழ்வில் திருப்பம் நேர்ந்தது பெல்ஜிய நாட்டுப் பிரஸ்ஸல்ஸ் நகரில். அங்கே லூயி துர்லாக்கர் என்னும் ஜெர்மானியர் ஒருவர், பேராசிரியர் அட்டிலா என்னும் மேடைப் பெயர் பூண்டு உடற்பயிற்சிக் கூடம் ஒன்றை நடத்திவந்தார். அவர் 1844-இற் பிறந்தவர். தாமே பல்லாண்டு மேடைகளிற் பளு தூக்கிக் காட்டியவர். இளைஞனின் உடற்கட்டைக் கண்ட அவர் அவனை மாணவனாய் ஏற்றார். கூடத்திலும் மேடையிலும் துணையாய் வைத்துக்கொண்டு பயிற்றினார். பளுவைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு செல்லல், ஒரு கையாற் பாரத்தைத் தோளினின்று மேலே செலுத்தும்போது உடலைப் பக்கமாய் வளைத்து அதன்கீழ் நுழைந்து நிமிர்தல், மெல்லிய டம்பெல்களைக் கொண்டு தசைகளை ஒவ்வொன்றாய் இயக்குதல் ஆகியவை அவர்பாற் சாண்டோ கற்றவை. ஒருவர் தம் வலிமையைத் தாமே முதலிற் கண்டுகொள்வது அரிது. பெரும்பாலும் மற்றொருவர் கண்டு சொன்ன பின்னரே அது நமக்குத் தெரிகின்றது. சாண்டோவின் தன்னம்பிக்கைக்கு முதற் கடன் கொடுத்தவர் அட்டிலாவே என்பது எம் துணிபு. பிற்காலத்தில் உலகம் மாணவரை அறிந்த அளவு ஆசிரியரை அறியவில்லை. ஆசிரியர் தொழிலுக்கு இது புதிதன்று.

1889-இல் இலண்டன் மாநகரில் சாம்சன் என்னும் பெயர் கொண்ட பலவான் ஒருவன், வெஸ்ட்மின்ஸ்டர்ப் பகுதியில் இருந்த ராயல் அக்வேரியம் என்னும் கூடத்தில் ஒவ்வோர் இரவும் அறைகூவல் விடுத்துக்கொண்டிருந்தான். தன் மாணவன் சைக்ளாப்ஸ் செய்வனவற்றைச் செய்வோர்க்கு 100 பவுன், தன்னை வெல்வோர்க்கு 500 பவுன் என்பது அவன் வாக்கு. இதனைக் கேள்வியுற்ற அட்டிலா தம் மாணவரை இலண்டனுக்கு வரச் செய்தார். சாண்டோவுக்கு அப்போது வயது 22. மாலை உடையணிந்து மேடையேறிய அவரைப் பார்த்தோர்க்கு அவர் ஒரு நடுத்தர உயரமுள்ள கனவானாகவே தோன்றினார். மேலாடையைக் களைந்த பின்னரே கூடம் அடங்கியது. அவ்வாண்டு அக்டோபர் 29-ஆம் நாள் சைக்ளாப்ஸையும், நவம்பர் 2-ஆம் நாள் சாம்சனையும் அவர் வென்றார். குத்துச்சண்டை விதிகளுக்குத் தம் பெயரைத் தந்த குவீன்ஸ்பரி பிரபு நடுவருள் ஒருவராய் அமர்ந்திருந்தார். புயத்திற் சங்கிலி பூட்டித் தசையைப் புடைத்து அறுத்தல் சாம்சனுக்கே உரிய வித்தை எனப் பேர் பெற்றிருந்தது. சாண்டோ அதனையும் செய்து, அதன்மேல் அவனால் இயலாத பளுவையும் தூக்கிக் காட்டினார். மறுநாட் காலை செய்தித்தாள்கள் அவர் பெயரை ஊர் முழுதும் பரப்பின. ஓர் இரவிற் புகழ் வந்தது என்று இதனைச் சொல்வோர் உண்டு. ஊரைவிட்டு நீங்கி நான்காண்டு அலைந்ததையும் பிரஸ்ஸல்ஸ் கூடத்து விடியற்காலைகளையும் அவர்கள் கணக்கிற் சேர்ப்பதில்லை.

அடுத்த ஆண்டே தோல்வியும் வந்தது. 1890 டிசம்பரில் ஹெர்குலிஸ் மெக்கான் என்பவருடன் நிகழ்ந்த போட்டியில் நடுவர் மெக்கானுக்கே வெற்றி அளித்தனர். இத்தோல்வியைப் பலர் மறந்துவிட்டனர். யாம் இதனை இங்கே குறித்தது ஒன்றை நினைந்தே. ஓராண்டுக்கு முன் இலண்டன் முழுதும் கொண்டாடிய ஒருவர், அதே நகரில், அதே மக்கள் முன்னிலையில் இரண்டாமவராய் மேடைவிட்டு இறங்குவது எளிதன்று. அவர் மறைந்தொழியவில்லை, நகரந்தோறும் காட்சி நடத்துவதைத் தொடர்ந்தார்.

1893-இல் அமெரிக்கா சென்றதையும் அங்கே பெற்ற பொருளையும் விரித்தெழுதல் வேண்டா. பிற்காலத்தில் நாடக உலகில் பெரும்பேர் பெற்ற பிளாரன்ஸ் சீக்பெல்டு அவரைச் சிகாகோ உலகக் கண்காட்சிக் காலத்தில் அந்நகர மேடையில் ஏற்றினார். மக்கள் அவர் தூக்கும் பாரத்தைக் காட்டிலும் தூக்கும்போது எழும் தசைகளையே கண்டு மயங்குகின்றனர் என்பதை முதலில் உணர்ந்தவர் சீக்பெல்டே. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சித் துறைக்குத் தலைவராயிருந்த டாக்டர் சார்ஜென்ட் அவர் உடலை அளந்து ஆராய்ந்து, தாம் கண்டோருள் மிகச் சிறந்த கட்டமைப்பு எனப் புகழ்ந்தார். 1894 மார்ச்சில் எடிசனின் தொழிற்கூடத்தில் அவர் தசைகளை அசைத்துக் காட்டியது இயங்கு படமாய் எடுக்கப்பெற்றது. சில விநாடியே ஓடும் அப்படம் இன்றும் இருக்கின்றது.

இனி எம் கேள்விக்கு வருவோம். இங்கிலாந்துக்கு மீண்ட சாண்டோ 1897-இல் இலண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவினார். வலிமையையும் அதனைப் பெறும் வழியையும் பற்றிய அவருடைய நூல் அவ்வாண்டே வெளிவந்து பல பதிப்புக் கண்டது. பெரும்பலவான் எழுதிய நூலாதலின் அதனுட் பேரிரும்புகளைப்பற்றிய பேச்சே நிறைந்திருக்கும் என எதிர்பார்ப்போம். அவர் தொடக்கத்திற் கொடுப்பதோ 5 இராத்தல் டம்பெல் இரண்டு. இக்காலக் கணக்கில் ஒவ்வொன்றும் 2¼ கிலோ அளவே. பெண்டிர்க்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவு. கடையிற் காய்கறி வாங்கி வருவோர் ஒரு கையில் இதனினும் மிகுதியாகச் சுமப்பர்.

அந்நூலில் வயதுக்கு ஏற்ற அட்டவணைகள் உள. ஒவ்வொரு பயிற்சியையும் முதல் நாளில் எத்தனை முறை செய்வது, பின்னர் எத்தனை நாளைக்கு ஒருமுறை எண்ணிக்கையைக் கூட்டுவது என்பன அவற்றிற் கண்டிருக்கும். குறித்த எண்ணை எட்டிய பின்னரே இரும்பை மாற்றலாம். அதற்குமுன் ஆவல் மிகுந்து பெரியதை எடுத்தல் கூடாது. கண்ணாடிமுன் நின்று, இயங்கும் தசையின்மேற் கருத்தை முழுதும் நிறுத்திச் செய்தல் வேண்டும். கருத்தை வேறெங்கோ வைத்து ஆயிரமுறை ஆட்டுவதாற் பயனில்லை என்பது அவர் கொள்கை. நூலின் இறுதியில் உடல் அளவுகளைக் குறித்துக்கொள்ளவும் இடம் விட்டிருந்தார். சில ஆண்டுகட்குப்பின் இரு பாதியாய்ப் பிளந்து நடுவே விற்சுருள் வைத்த டம்பெல் ஒன்றையும் அவர் விற்பனைக்குக் கொணர்ந்தார். பயிற்சி செய்யுங்கால் இரு பாதியையும் கையால் இறுக்கிப் பிடித்தல் வேண்டும். வலிமை மிகுந்தோறும் சுருளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம்.

பழங்காலக் கிரேக்கரிடையே மைலோ என்னும் மல்லன் கதை ஒன்று உண்டு. கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டில் குரோட்டன் நகரில் வாழ்ந்த அவன், ஒரு கன்றை நாள்தோறும் தோளிற் சுமந்து நடந்து, அது காளையான பின்னும் சுமந்தானாம். சிறிது சிறிதாய்ப் பளு ஏற்றும் முறைக்கு இதனையே முதற் சான்றாகப் பலரும் காட்டுவர். எமக்கு இதில் ஒரு தடை உண்டு. கன்று தானே வளரும். சுமப்பவன் ஒன்றும் முடிவு செய்ய வேண்டுவதில்லை. இரும்பு தானே வளராது. அடுத்த எண்ணைக் கூட்டுவதும் கூட்டாது விடுவதும் ஒவ்வொரு நாளும் நம் கையிலேயே கிடக்கின்றன. அதனால் மைலோவின் பொறுமையினும் அட்டவணைப் பொறுமை கடினமானது என்றே யாம் கொள்வோம்.

இவ்விடத்தில் ஒரு குறையை மறைத்தல் முறையன்று. சாண்டோ தம் பேருடலை 5 இராத்தல் இரும்பினாற் பெற்றாரா? இல்லை. பிரஸ்ஸல்ஸ் கூடத்தில் அவர் பெரும்பளு தூக்கியவர். இருநூறு இராத்தலுக்கு மேற்பட்ட பாரத்தை ஒரு கையால் தலைக்குமேல் உயர்த்தியவர். அவர் உடலின் படத்தை முன்னே வைத்து, மெல்லிய டம்பெல்லைப் பின்னே விற்றது முழு உண்மையாகாது எனப் பிற பலவான்கள் அக்காலத்திலேயே குறை கூறினர். அக்குறை நேரிதே. பெரும்பளு தூக்குதலைப்பற்றியும் அவர் நூலில் ஒரு பகுதி உண்டு என்பது அவர் சார்பிற் சொல்லத்தக்கது. ஆயினும் விளம்பரங்களைப் படித்த எழுத்தர்க்கும் கடைச் சிப்பந்திக்கும் அப்பகுதி கண்ணிற் பட்டிராது.

பின் அச்சிறு இரும்பினால் விளைந்த நன்மைதான் யாது? எம் அனுபவத்தைக் கொண்டே விடை தேடினோம். யாம் இருமுறை தொடங்கியபோதும் முதல் நாளிலேயே நூறு தண்டால் எடுக்க முயன்றோம். இரண்டாம் நாள் கை தூக்க இயலவில்லை; மூன்றாம் நாள் தலைவலி என்னும் காரணம் கிடைத்தது. 5 இராத்தல் இரும்புக்கு முன்னே எந்தக் காரணமும் நில்லாது. காய்ச்சலில்லாத எவனும் அதனை இன்றைக்கு எடுக்க இயலாது என்று சொல்ல முடியாது. நேற்று இருபது முறை செய்தவன் இன்று இருபத்தொன்று செய்ய இயலும் என்று நம்புவதற்குப் பெரிய நெஞ்சுறுதி வேண்டுவதில்லை. நேற்றைய இருபதே போதும். இவ்வாறு பார்க்கையில் சாண்டோவின் அட்டவணை தசைக்கு எவ்வளவு செய்ததோ அறியோம். நம்பிக்கையில்லாத ஒருவன் நம்பிக்கையைக் கடன் வாங்காமலே தொடங்குவதற்கு அது வழி செய்தது.

முடிச்சு ஏன் நகரவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது. அதனைச் சாண்டோ காலத்தினும் இக்கால உடலியல் அறிஞர் தெளிவாய்க் கூறுகின்றனர். ஒருவர் புதிதாய்ப் பளு தூக்கத் தொடங்கிய முதற் சில வாரங்களில் வலிமை மிகுவது பெரும்பாலும் நரம்புகள் கற்றுக்கொள்வதனாலேயாம். இருக்கும் தசையிழைகளை ஒருங்கே ஏவுவதற்கு மூளையும் தண்டுவடமும் பழகுகின்றன. இழைகள் பருத்துக் கண்ணுக்குப் புலனாவது அதற்குப் பின்னரே. தசையை எலும்போடு பிணிக்கும் தசைநாண் அதனினும் மெல்லவே உறுதி பெறும். ஆதலின் மூன்றாம் வாரத்தில் நூலைக்கொண்டு அளந்தவன் ஒன்றும் நிகழவில்லை என்று எண்ணுகின்றான். உள்ளேயோ வேலை நடந்துகொண்டிருக்கின்றது. அன்று நூலை விடுத்து எண்ணிக்கையை நோக்கியிருந்தோமாயின், பன்னிரண்டு தண்டால் எடுத்த கை பத்தொன்பது எடுத்தது என்பதையேனும் அறிந்திருப்போம்.

சாண்டோவின் செயல்களுள் எமக்கு மிகப் பிடித்தது 1901-இல் நிகழ்ந்த பெரும்போட்டி. அதன் சிறப்பு நிகழ்ந்த இரவில் இல்லை. அதற்கு விட்ட காலத்தில் இருக்கின்றது. 1898-இல் அவர் தொடங்கிய திங்கள் இதழின் முதல் வெளியீட்டிலேயே போட்டி அறிவிக்கப்பெற்றது. அவர் முறையிற் பயின்றோர் அதிற் கலந்துகொள்ளலாம். முதலில் ஒவ்வொரு மாவட்டத்திலும் தேர்வு நடைபெறும். தேர்ந்தோர்க்குப் பொன், வெள்ளி, வெண்கலப் பதக்கங்கள் உண்டு. இறுதியில் அவர்கள் இலண்டனிற் கூடுவர். பரிசுத் தொகையின் மொத்த மதிப்பு 1,000 கினி. முதல்வனுக்குப் பொன்னாலும், இரண்டாமவனுக்கு வெள்ளியாலும், மூன்றாமவனுக்கு வெண்கலத்தாலும் ஆகிய சாண்டோவின் உருவச் சிலைகள் என்றும் அறிவித்தனர். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மாவட்டந்தோறும் தேர்வு நடந்து முடிய மூன்றாண்டு சென்றது.

மூன்றாண்டும் இதழ் விற்பனையாகும் என்னும் வாணிகக் கணக்கு இதில் இல்லை என்று யாம் சொல்ல மாட்டோம். ஆயினும் பதினெட்டு வயதில் அவ்வறிவிப்பைப் படித்த ஓர் இளைஞனை நினைத்துப் பாருங்கள். நம் கல்லூரியில் ஒருவன் பட்டம் பெறுதற்கு ஆகும் காலம் அது. பகல் முழுதும் சுரங்கத்திலோ எழுத்தகத்திலோ உழைத்து மீண்டு, விளக்கொளியில் 5 இராத்தல் இரும்பை எடுத்து, இன்றைய எண்ணைக் குறித்துவிட்டு உறங்கச் செல்வது. இதனை ஓராயிரம் இரவு செய்வது. ஒரு திங்கட் காய்ச்சலால் வெல்லத்தக்க பரிசன்று அது.

1901 செப்டம்பர் 14-ஆம் நாள் மாலை இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் இறுதிப் போட்டி நிகழ்ந்தது. மண்டபம் நிறைந்து வழிந்தது. வருவாய் தென்னாப்பிரிக்கப் போரினாற் பாதிக்கப்பெற்றோரின் உதவி நிதிக்குச் சென்றது. அறுபதின்மர் இறுதிக்கு வந்திருந்தனர். சிற்பியும் விளையாட்டு வீரருமாகிய சர் சார்ல்ஸ் லாஸ் ஒரு நடுவர். துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் மற்றொருவர். இருவரும் ஒவ்வாவிடத்து முடிவு கூறச் சாண்டோ. தசை மிகப் பெரியவனுக்கே பரிசு என எவரும் எண்ணாதபடி அளவைகள் முன்னரே வகுக்கப்பெற்றிருந்தன. உடலின் பொது வளர்ச்சி, உறுப்புக்களிடையே ஒப்புமை, தசையின் நலம், பொது உடல்நலம், தோலின் செம்மை ஆகியவற்றை நோக்கியே தீர்ப்பு அமைந்தது. ஒரு புயத்தை மட்டும் பெருக்கிக்கொண்டு குறுக்குவழியில் வந்தோர்க்கு அங்கே இடமில்லை. நாட்டிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் மர்ரே முதற்பரிசு பெற்றார். உலகிற் பெரிய அளவில் நடந்த முதல் உடற்கட்டுப் போட்டி இதுவே என்பர்.

1904-இலும் 1905-இலும் சாண்டோ தென்னாப்பிரிக்கா, இந்தியா, கிழக்காசிய நாடுகள் முதலியவற்றிற் சுற்றுப்பயணம் செய்தார். இந்தியரை, அவருள்ளும் வங்காளியரை, உடல்வலியற்றோர் என ஆளவந்தோர் இகழ்ந்துவந்த காலம் அது. அவ்விகழ்ச்சியைப் பொறாத இளைஞர் பலர் உடலை வளர்த்தலை ஒரு நாட்டுப்பணியாகவே மேற்கொண்டிருந்தனர். சாண்டோவின் பெயர் அவர்களிடையே விரைந்து பரவியது. வலிமையை வளர்க்கும் கலையை அவர்தாம் இங்கே கொணர்ந்தார் என்று மட்டும் எவரும் எண்ணிவிடலாகாது. மல்லர் கூடங்கள் நம் நாட்டில் நெடுங்காலமாய் உள்ளவை. நம் கர்லாக்கட்டையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளையர் படைவீரர் வாயிலாக இங்கிலாந்து சென்று, இந்தியக் கட்டை என்னும் பெயரால் அந்நாட்டுப் பள்ளிகளிற் புகுந்தது. சாண்டோவின் ஊரார் நம் கட்டையைச் சுழற்ற, நாம் அவர் டம்பெல்லை வாங்கினோம்.

1906-இல் அவர் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார். 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர்க்கு உடற்பயிற்சிப் பேராசிரியராய் நியமனம் பெற்றார். வாழ்வின் உச்சி அதுவே. அவர் பெயரால் நடந்த கொக்கோத் தொழில் போர்க்காலத்தில் நொடித்தது. ஜெர்மானியப் பிறப்பும் அக்காலத்தில் அவர்க்குத் துணை செய்திராது. 1925 அக்டோபர் 14-ஆம் நாள் இலண்டனில் 58 வயதில் அவர் இறந்தார். பள்ளத்தில் வீழ்ந்த மோட்டார் வண்டியை ஒரு கையாற் தூக்கியதால் மூளைக் குருதிக்குழாய் வெடித்து இறந்தார் என ஒரு கதை பரவியது. பெருந்தமனி வீங்கி வெடித்ததே காரணமாயிருக்கும் எனப் பிற்காலத்தார் கருதுகின்றனர். பட்னி வேல் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்த இடத்தில், மனைவியாரின் விருப்பப்படி, பெயர் பொறித்த கல் ஒன்றும் நாட்டவில்லை. 2002 வரை, எழுபத்தேழு ஆண்டுகள், அவ்விடம் அடையாளமின்றிக் கிடந்தது. அதன்பின் அன்பர் ஒருவர் கல் நாட்டினார். 2008-இல் அவருடைய வழித்தோன்றல் ஒருவர் அதனினும் பெரிய கல் ஒன்றை நிறுவினார். 1977 முதல் மிஸ்டர் ஒலிம்பியாப் பட்டம் பெறுவோர்க்குச் சாண்டோவின் உருவச் சிலையே பரிசாக வழங்கப்பெறுகின்றது.

ஒரு செய்தி எஞ்சியுள்ளது. ஜேம்ஸ் ஜாய்ஸ் 1922-இல் வெளியிட்ட யூலிஸிஸ் என்னும் பெரும்புதினம் டப்ளின் நகரில் 1904 ஜூன் 16 என்னும் ஒரே நாளில் நிகழ்வது. அதன் தலைவனாகிய லியோப்பால்டு புளூம் என்பவனின் புத்தக அடுக்கிற் சாண்டோவின் நூல் ஒன்று இருக்கின்றது. காலையில் வெளியே நடந்து செல்லும்போது, அப்பயிற்சிகளை மீண்டும் தொடங்கவேண்டும் என்று அவன் நினைத்துக்கொள்கின்றான். அவன் மேசை அறையில் உடல் அளவுகளைக் குறித்த தாள் ஒன்றும் கிடக்கின்றது. சாண்டோவின் பெயர் தாங்கிய இழுகயிற்றுக் கருவியை அவன் பயன்படுத்தியது இரண்டே திங்கள்; மார்பு 28 அங்குலத்தினின்று 29½ ஆகியது. அவ்வளவில் தாள் நின்றுவிடுகின்றது. தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய எமக்கு அப்புதினத்திற் பெரும்பகுதி விளங்கவில்லை. இத்தாள் மட்டும் நன்கு விளங்கியது.

இவ்வாண்டு ஆனியில் யாம் மூன்றாம் முறையாகத் தொடங்கினோம். முதல் நாள் எட்டுத் தண்டால். இதனை எழுதும் இன்று எழுபத்து நான்காம் நாள். இடையில் ஐந்து நாள் தவறியதையும் குறித்தே வைத்திருக்கின்றோம். காலையில் கூடத்துக்குச் சென்றபோது எம்மோடு இருவர் இருந்தனர். முடிச்சிட்ட நூல் பெட்டியின் அடியில் எங்கோ கிடக்கின்றது, தேடவில்லை.